பேட்டரி செத்துப்போன பழைய டிராக்டர்: ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பண்டிகை லீவுக்குப் பாடாங் மேஹாவில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணி. பின்னால் இருக்கும் கொட்டகையிலிருந்து மாமா கூப்பிடுகிறார்.

"தம்பி, உன் காடியக் கொஞ்சம் இங்க கொண்டா. டிராக்டர் பேட்டரி செத்துப் போச்சு. வெட்டுன குலையெல்லாம் அப்படியே கெடக்கு, லோரி வந்துரும்."

இதுவரை பிரச்சினை இல்லை. ஜம்பர் கேபிள் இருந்தால் உதவலாம். ஆனால் அடுத்து அவர் "கேபிளெல்லாம் வேணாம், அந்தப் பெரிய ஸ்க்ரூ டிரைவர எடு" என்று சொன்னால், அங்கேதான் நீங்கள் அவரை நிறுத்த வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நின்றால் போதும்: டிராக்டரை, இருக்கையில் உட்கார்ந்து, கியர் நியூட்ரலில் இருக்க, சாவியால் மட்டுமே ஸ்டார்ட் பண்ண வேண்டும். தரையில் நின்றபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது?

பாடாங் மேஹா, கெடாவின் கூலிம் மாவட்டத்தில் உள்ள ஒரு முக்கிம். பாடாங் செராய், லூனாஸ் என்று சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் பால்மரத் தோட்டங்களோடு வளர்ந்தவை. இன்று அந்த நிலங்களில் பெரும்பகுதி செம்பனை.

செம்பனைக் குலையை வெட்டிய பிறகு நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். அதனால் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுவான கணக்கு. மரத்தடியிலிருந்து லோரி நிற்கும் இடம் வரை குலையை இழுத்து வருவது டிராக்டரும் டிரெய்லரும்தான். டிராக்டர் நின்றால் அன்றைய வருமானமும் நிற்கும். தப்பான முடிவுகள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் எடுக்கப்படுகின்றன.

பழைய டிராக்டரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். மேஸ்ஸி ஃபெர்குசன் 135 வெளிவந்தது 1964இல். ஃபோர்டு 5000 வந்ததும் கிட்டத்தட்ட அதே காலம். இவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் பம்ப் முழுக்க முழுக்க இயந்திரம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பழுது பார்த்துவிடலாம். அதனால் வயதானாலும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

பேட்டரி செத்தால் என்ன ஆகிறது?

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதற்கு இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த முதல் சுற்றலைக் கொடுப்பது ஸ்டார்ட்டர் மோட்டார். அது ஒரே நேரத்தில் பேட்டரியிலிருந்து பல நூறு ஆம்பியர் இழுக்கும்.

பேட்டரி பலவீனமாக இருந்தால் வோல்ட் சரிந்துவிடும். "டக்... டக்... டக்" என்ற சத்தம் மட்டும் வரும். ஆனால் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் இந்தப் பழைய இன்ஜின்களுக்குத் தொடர்ந்து ஓட மின்சாரமே தேவையில்லை. பல டிராக்டர்களில் சாவியை ஆஃப் செய்தாலும் இன்ஜின் நிற்காது. டீசலை நிறுத்தும் 'ஸ்டாப்' குமிழை இழுத்தால்தான் நிற்கும்.

அதனால் முதல் வேலை: ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்க்ரூ டிரைவர் ஏன் ஆளைக் கொல்லும்?

ஸ்டார்ட்டரில் இரண்டு முனைகள் வெளியே தெரியும். அவற்றை ஸ்க்ரூ டிரைவராலோ வயராலோ தொட்டு இணைத்தால் சாவி இல்லாமலேயே இன்ஜின் சுற்றும். தோட்டத்தில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். சாவி தொலைந்தபோது, சுவிட்ச் கெட்டபோது, பேட்டரி இறங்கி சொலினாய்டு பிடிக்காதபோது இப்படிச் செய்வார்கள். இதற்கு 'பைபாஸ்' ஸ்டார்ட் என்று பெயர்.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்றால், சாவிக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் பெரும்பாலான டிராக்டர்களில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். கியர் நியூட்ரலில் இல்லாவிட்டால், அல்லது கிளட்ச் மிதிக்கப்படாவிட்டால், அது மின்சாரத்தை விடாது. ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் மின்சாரம் அந்த சுவிட்சைச் சுற்றிக்கொண்டு போய்விடும். டிராக்டர் கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். ஆன அந்த நொடியே நகரும்.

இப்போது அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் இருப்பது இன்ஜினின் பக்கவாட்டில். அதைத் தொட வேண்டுமென்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். டிராக்டர் முன்னால் நகர்ந்தால், ஆள் உயரத்துக்கு இருக்கும் பின் சக்கரம் நேராக அவர் மேல் ஏறும். விலகி ஓட நேரம் இருக்காது. இன்ஜின் பற்றாவிட்டாலும், சிறிய கியரில் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றே டிராக்டரைச் சில அடி நகர்த்திவிடும்.

"நியூட்ரல்லதான் இருக்கு, நான் பாத்துட்டேன்" என்று சொல்வார்கள். பழைய டிராக்டர்களில் பெரும்பாலும் இரண்டு கியர் கம்பிகள் இருக்கும், ஒன்று கியருக்கு, ஒன்று 'ஹை-லோ' மாற்ற. தேய்ந்துபோன கம்பி, பார்வைக்கு நியூட்ரலில் இருப்பது போலவே காட்டும். கீழே நின்று பார்ப்பதை நம்ப முடியாது.

இது நம் ஊர் பழக்கம் மட்டும் கிடையாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் விசாரித்த டிராக்டர் மரணங்களிலும் இதே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. அனுபவமுள்ள விவசாயி, பழைய டிராக்டர், கையில் ஸ்க்ரூ டிரைவர், கியரில் இருந்த வண்டி. இதனால்தான் பிற்காலத் தயாரிப்பாளர்கள் ஸ்டார்ட்டர் முனைகளுக்கு மூடி போட்டார்கள், பக்கத்தில் எச்சரிக்கை ஸ்டிக்கரும் ஒட்டினார்கள்.

இந்த ஆபத்து ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1946இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாராக ஆரம்பித்த ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரில் ஸ்டார்ட்டர் சுவிட்சே கியர் கம்பிதான். கம்பியை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால் மட்டுமே இன்ஜின் சுற்றும். அப்போது எந்த கியரும் விழுந்திருக்காது.

முதலில் பாருங்கள்: செத்தது பேட்டரிதானா?

பல நேரம் பேட்டரி நன்றாகவே இருக்கும், தொடர்புதான் கெட்டிருக்கும். சாவியை எடுத்துவிட்டு இவற்றைப் பாருங்கள்:

- பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருக்கிறதா? கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கினாலே ஸ்டார்ட் ஆகிவிடலாம். கழற்றும்போது டிராக்டரின் உடலோடு இணைந்திருக்கும் 'எர்த்' வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.
- எர்த் வயர் அறுந்தோ துருப்பிடித்தோ இருக்கிறதா?
- மல்டிமீட்டர் இருந்தால் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் பேட்டரி இறங்கிவிட்டது.
- பேட்டரி ஊதியிருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா, ஆசிட் கசிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் ஜம்ப் பண்ணாதீர்கள். மாற்றத்தான் வேண்டும்.
- மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் உள்ளே தகடுகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறதா? நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வற்றும். கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். உள்ளே பார்க்க லைட்டர் கொளுத்தவே கூடாது.

கடைசி வரி வேடிக்கைக்குச் சொன்னது கிடையாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே ஒரு சின்னப் பொறி போதும், பேட்டரி வெடித்து கந்தக ஆசிட் முகத்தில் தெறிக்கும்.

ஜம்பர் கேபிள்: படிப்படியாக

நேரம் இருந்தால் பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் சார்ஜர் போடுவதுதான் நல்லது. அல்லது பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். இன்றே ஓட்டியாக வேண்டும் என்றால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்குவதற்கு முன்:

- வோல்ட் பொருந்த வேண்டும். டிராக்டர் 12 வோல்ட் என்றால் கொடுப்பதும் 12 வோல்ட். பெரிய லோரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். "லோரி வந்துருச்சு, அதுலேருந்து எடுத்துக்கலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மிகப் பழைய சில டிராக்டர்கள் 6 வோல்ட்.
- எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இன்றைய வண்டிகளில் மைனஸ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் டிராக்டர்கள் சிலவற்றில் பிளஸ் முனை இணைந்திருக்கும். அப்படி இருந்தால் கீழே சொல்லும் முறை பொருந்தாது; தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
- உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். ஹைபிரிட் கார்களிலிருந்து மின்சாரம் கொடுப்பதைப் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை.
- மெல்லிய மலிவு கேபிள் சூடாகி உருகும். மூன்று சிலிண்டர் டீசலுக்குக் குறைந்தது 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி உள்ள கேபிள் தேவை.
- மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணாடி போடுங்கள். சிகரெட்டை அணைக்கச் சொல்லுங்கள், மாமாவாக இருந்தாலும் சரி.
- டிராக்டரில் ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பி.டி.ஓ. ஆஃப். காரும் டிராக்டரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகளையும் நாயையும் தள்ளி நிறுத்துங்கள்.

இணைக்கும் வரிசை:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, டிராக்டர் பேட்டரியின் பிளஸ்.
2. அதன் மறுமுனை, கார் பேட்டரியின் பிளஸ்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனை, கார் பேட்டரியின் மைனஸ்.
4. அதன் மறுமுனை, டிராக்டர் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உறுதியான இரும்புப் பகுதி. பேட்டரியை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

நான்காவது இணைப்பில்தான் பொறி வரும். அதைப் பேட்டரி முனையில் வைக்காமல் தள்ளி வைப்பதற்குக் காரணம் மேலே சொன்ன ஹைட்ரஜன்.

இப்போது காரை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். மைவி மாதிரி சின்னக் காரின் பேட்டரியைவிட டிராக்டர் பேட்டரி பல மடங்கு பெரியது. அதனால் காரின் மின்சாரத்தில் டிராக்டர் உடனே சுற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். டிராக்டர் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் ஏறட்டும்.

பிறகு ஓட்டத் தெரிந்தவர் டிராக்டரில் ஏறி இருக்கையில் உட்கார வேண்டும். இரண்டு கியர் கம்பிகளையும் கையால் அசைத்து, நியூட்ரலில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்துச் சாவியைத் திருப்ப வேண்டும். நீங்கள் சக்கரத்துக்கு முன்னாலோ பின்னாலோ நிற்காமல், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விலகி நில்லுங்கள்.

ஒரு முயற்சிக்குப் பத்து நொடி போதும். பிடிக்காவிட்டால் இரண்டு நிமிடம் விட்டு மறுபடி. மூன்று, நான்கு முறைக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிரச்சினை பேட்டரியோடு முடியவில்லை. டீசலில் காற்று புகுந்திருக்கலாம், ஸ்டார்ட்டரே போயிருக்கலாம். நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் கேபிளை நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்: டிராக்டர் இரும்பில் இருக்கும் கறுப்பு, காரின் கறுப்பு, காரின் சிவப்பு, கடைசியில் டிராக்டரின் சிவப்பு. கழற்றிய கவ்விகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவி திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால்?

பேட்டரிக்கு உயிர் வந்த பிறகும் சத்தமே வரவில்லை என்றால், பாதுகாப்பு சுவிட்சோ சாவி சுவிட்சோ கெட்டிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் மறுபடி ஞாபகத்துக்கு வரும் நேரம் இதுதான். ஆனால் இந்த சுவிட்சுகள் டிராக்டரில் இருக்கும் மலிவான பாகங்களில் சேர்ந்தவை. அதை மாற்றும் வரை வண்டி நிற்கட்டும்.

உருட்டியோ இழுத்தோ ஸ்டார்ட் பண்ணலாமா?

பேட்டரி வாங்குவதைத் தள்ளிப்போட்டு, தினமும் சரிவில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் பலருக்கு உண்டு. இயந்திர கியர் உள்ள பழைய டீசலுக்கு இது வேலை செய்யும், உண்மைதான். ஆனால் தோட்டச் சரிவில், தேய்ந்த பிரேக்கோடு, பின்னால் டிரெய்லரும் மாட்டியிருந்தால், இன்ஜின் பிடிக்காத ஒரு நாளில் வண்டி உங்கள் கையில் இருக்காது. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால் இன்ஜின் ஓடாதபோது திருப்புவதும் கஷ்டம். குப்புறக் கவிழ்ந்தால், பாதுகாப்புச் சட்டம் பொருத்தப்படாத பழைய டிராக்டரில் ஓட்டுபவர் அடியில் மாட்டிக்கொள்வார்.

இன்னொரு வண்டியால் சங்கிலி போட்டு இழுப்பதும் அப்படித்தான். இன்ஜின் திடீரென்று பிடித்தால் முன்னால் இருக்கும் வண்டியில் மோதும். சங்கிலி அறுந்தால் சாட்டை மாதிரி பின்னால் வந்து அடிக்கும்.

'ஸ்டார்ட்டிங் ஸ்பிரே' அடிப்பதும் வேண்டாம். காற்றுக் குழாயில் சூடேற்றும் கருவி உள்ள டீசல்களில் அது அங்கேயே தீப்பிடிக்கும். நம் தட்பவெப்பத்தில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக அந்த ஸ்பிரே தேவையும் இல்லை.

ஸ்டார்ட் ஆன பிறகு

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்காதீர்கள், ஆல்டர்னேட்டர் போய்விடும். அரை மணி நேரம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடாது, அன்று மாலை சார்ஜர் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் சரி. குறைந்தால் புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும். வாரக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறது என்றால் எர்த் வயரைக் கழற்றி வைப்பது பேட்டரியைக் காப்பாற்றும்.

ஏதாவது நடந்துவிட்டால்

ஆசிட் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள், பிறகு மருத்துவமனை. அதனால் வேலை தொடங்கும் முன்பே பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆள் சக்கரத்தில் மாட்டினால், முதலில் 'ஸ்டாப்' குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்துங்கள். அவரை இழுக்காதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள். இந்தப் பகுதிக்கு கூலிம் மருத்துவமனையும், சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையும் இருக்கின்றன. தோட்டத்துக்குள் ஆம்புலன்ஸுக்கு வழி தெரியாது. ஒருவர் சாலை முனையில் போய் நிற்க வேண்டும்.

"மாட்டேன்" என்று சொல்ல உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகலாம் என்று அதில் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. கடமையை மீறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். தோட்டத்தில் சம்பளத்துக்கு டிராக்டர் ஓட்டும் உங்கள் அண்ணனுக்கும், பக்கத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இது தெரிய வேண்டும். அவருக்கு மலாயில் எடுத்துச் சொல்வது உங்களுக்குச் சுலபம்.

மாமா சொந்தமாக டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவர் என்றால், 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கேசோவில் பதிந்துகொள்ளலாம். விவசாயமும் அதில் அடங்கும். வீட்டில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது?

முப்பது வருடமாக ஓட்டுபவரிடம் "இது தப்பு" என்று சொன்னால் கேட்க மாட்டார். "முப்பது வருஷமா நான் இப்படித்தான் பண்றேன்" என்பார். வாதம் வேண்டாம். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

"மாமா, கேபிள நான் மாட்டுறேன். நீங்க மேல ஏறி உக்காந்து சாவியப் போடுங்க."

அவர் மேலே இருக்கையில் உட்கார்ந்துவிட்டால், பின் சக்கரத்துக்கு முன்னால் யாரும் இல்லை என்று அர்த்தம்.